ஆயா முதல் ‘ஓ பேர்’ வரை

அயல்நாட்டு வீட்டுப்பணியும் ஆளுமை வளர்ச்சியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

பொருள் தேடிக் கடல்வழியே செல்பவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்வதில்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் கூறுகின்றார். அவ்விலக்கணம் எழுந்த நாளில் உலகியல் அவ்வாறு இருந்தது. பின்னாளில் நம் நாட்டுப் பெண்கள் கணவரும் உற்றாரும் உடன் வராமலே கப்பலேறினர். பிறர் குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, பிறர் வீட்டுச் சோற்றை உண்டு, பிறர் மொழியில் தாலாட்டுப் பாடினர். இன்று விமானத்தில் ஏறி அதே வேலைக்குச் செல்கின்றனர்.

“வெளிநாடு போனால் அறிவு வளரும், மனிதன் ஆளாகி வருவான்” என்று நம் ஊரில் சொல்வதுண்டு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் பலரை உடைய புதுவையில் இப்பேச்சு சற்று அதிகமாகவே கேட்கும். இக்கூற்றில் உண்மை எவ்வளவு? ஒருவரை வளர்ப்பது அயல்நாடா, அல்லது அங்கு அவர் வாழ நேரும் நிலைமையா? அயலார் வீட்டில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்ளும் பணி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு சொற்கள்

இப்பணிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று நாம் நன்கறிந்த ‘ஆயா’. போர்த்துக்கீசிய மொழியில் குழந்தையை வளர்க்கும் பெண்ணைக் குறிக்கும் ‘அய்யா’ போன்ற ஒலியுடைய சொல்லிலிருந்து அது இந்திய மொழிகளுக்கு வந்தது. அச்சொல்லோ இலத்தீன் மொழியில் பாட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று அகராதிகள் கூறும். எங்கள் குப்பத்தில் பாட்டியை நாங்கள் அழைப்பதும் ‘ஆயா’ என்றுதான். ஒலி ஒற்றுமை வியப்பூட்டுகிறது.

மற்றொன்று ‘ஓ பேர்’ என்னும் பிரெஞ்சுச் சொல். ‘சமநிலையில்’ என்பது அதன் பொருள். ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தங்கி, குழந்தைகளைக் கவனித்து, சிறு வீட்டு வேலைகளைச் செய்து, அதற்கு ஈடாக உணவும் உறைவிடமும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியைக் கற்றுத் திரும்புவதே ‘ஓ பேர்’ முறை. சமநிலை என்பது முதலில் கொடுக்கல் வாங்கலின் சமநிலையைத்தான் குறித்தது. உழைப்பும் உணவும் ஈடாகிவிட்டதால் கூலி இல்லை என்பது கருத்து. வீட்டாருக்குச் சமமானவர், குடும்பத்தில் ஒருவர் என்ற பொருள் அதன்மேல் வளர்ந்தது.

இரு பெயருக்கும் உரிய வேலைகளைப் பட்டியலிட்டால் ஒன்றாகவே இருக்கும். குழந்தைக்குச் சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, துணி மடிப்பது, பள்ளியிலிருந்து அழைத்து வருவது, அழும்போது தேற்றுவது. ஆயினும் ஒன்றை ஊழியம் என்றும், மற்றொன்றைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்றும் உலகம் சொல்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

54 முறை கடல் கடந்தவர்

ஆங்கிலேயர் ஆட்சியில், தாயகம் திரும்பும் அதிகாரிகளின் குடும்பங்கள் கப்பற் பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அழைத்துச் சென்றன. சென்னை, பம்பாய், கல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து இவ்வாறு சென்றோர் பலர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பயண நாள் குறைந்தது. பயணம் செய்யும் குடும்பங்களும் பெருகின. அலையில் தலைசுற்றிப் படுத்துவிட்ட எசமானியம்மாவையும், தள்ளாடும் குழந்தைகளையும், மூட்டை முடிச்சுகளையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு ஆயாவினுடையது. அவளுக்கும் தலை சுற்றத்தானே செய்யும்!

ஆண்டனி பெரேரா அம்மையார் என்ற ஆயா 54 முறை இவ்வாறு பயணம் செய்தவர் என்று 1922-இல் இலண்டன் இதழ் ஒன்று எழுதியது. ஒரு பயணத்திற்கு மூன்று வாரம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 54 பயணத்திற்கு 162 வாரம். அதாவது மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல்மேல் வாழ்ந்த வாழ்க்கை! நம் ஊர் மாலுமிகளிலும் எத்தனை பேருக்கு இப்பெருமை உண்டு? துறைமுகங்கள், நாணயங்கள், பல நாட்டு மனிதர்களின் குணங்கள், குழந்தை நோய்க்குக் கைமருந்து என அவர் அறிந்திருக்கக் கூடியவை ஒரு நூலளவு இருக்கும். எனினும் அந்த அறிவை எழுதிவைக்க நேரமும், எழுத்தும், கேட்பாரும் அன்று ஆயாக்களுக்கு வாய்க்கவில்லை. இப்பெண்களின் வரலாறு விரிவாக நூலேறியது 1986-இல், ரோசினா விஸ்ராம் என்னும் வரலாற்றாசிரியை எழுதிய நூலில்தான்.

ஹாக்னி இல்லம்

பல ஆயாக்கள் ஒருவழிப் பயணத்திற்கு மட்டுமே அமர்த்தப்பட்டனர். இங்கிலாந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது. திரும்பும் கட்டணம் பேசப்பட்டிருந்தால் நல்லது, இல்லையேல் நடுத்தெருதான். 1908-இல் பம்பாயிலிருந்து அழைத்து வரப்பட்ட ஆயா ஒருத்தி, இரண்டாம் எசமானியால் இலண்டன் கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்தில் ஒரு பவுன் பணத்தோடு விட்டுச் செல்லப்பட்டாள். இத்தகையோரின் துயர் குறித்து அரசாங்கக் குழு ஒன்று 1910-இல் அறிக்கை தந்தது.

இவ்வாறு நின்றவர்களுக்கு அடைக்கலம் தர ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று இலண்டனில் இயங்கியது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அது, 1900-இல் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டிற்கும், 1921-இல் அதே சாலையில் மற்றொரு வீட்டிற்கும் மாறியது. இலண்டன் சிட்டி மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு அதை நடத்தியது. இந்திய ஆயாக்களோடு ‘ஆமா’ எனப்பட்ட சீனச் செவிலியரும் அங்குத் தங்கினர்.

அவ்வில்லம் இயங்கிய முறை அறியத்தக்கது. ஆயாவை அழைத்து வந்த குடும்பம் அவளுடைய திரும்பும் பயணச்சீட்டை இல்லத்தில் ஒப்படைக்கும். இந்தியா செல்லும் வேறொரு குடும்பத்திற்கு ஆயா தேவைப்பட்டால், அக்குடும்பத்திடம் இல்லத் தலைவி அந்தச் சீட்டை விற்பார். அத்தொகையில் ஆயா காத்திருந்த நாட்களின் உணவு, தங்கும் செலவு கழியும். ஆயாவும் பணி செய்துகொண்டே ஊர் திரும்புவாள். இன்றைய சொல்லில் கூறினால் அது சத்திரமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் சேர்ந்த ஓர் அமைப்பு.

2022-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் அந்த 26-ஆம் எண் வீட்டின் சுவரில் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. புகழ்பெற்ற அறிஞர், கலைஞர் வாழ்ந்த வீடுகளுக்குச் செய்யப்படும் சிறப்பு அது. பெயர் தெரியாத பணிப்பெண்களுக்கு அது கிடைத்தது காலம் கடந்த நீதியே ஆயினும், நீதிதான்.

சட்டத்தில் எழுதிய சமநிலை

இனி ‘ஓ பேர்’ முறைக்கு வருவோம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1969 நவம்பர் 24 அன்று, ஐரோப்பிய மன்றத்தின் சார்பில் இதற்கென ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. 1971-இல் நடைமுறைக்கு வந்தது. இவர்கள் மாணவர் வகையிலும் சேராதவர்கள், தொழிலாளர் வகையிலும் சேராதவர்கள். இரண்டின் தன்மையும் கொண்ட தனி வகையினர் என்று அது வகுத்தது. அதன் முக்கிய விதிகளைக் காண்போம்.

வயது 17-க்குக் குறையாமலும் 30-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். தங்கும் காலம் முதலில் ஓராண்டு. மிகுந்தால் இரண்டு ஆண்டு. வேலை நாளொன்றுக்கு ஐந்து மணிக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும். இயன்றவரை தனி அறை தர வேண்டும். மொழி வகுப்புக்குச் செல்ல நேரம் விட வேண்டும். இருதரப்பு உரிமை கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் அப்பெண் தன் நாட்டை விட்டுக் கிளம்புமுன் எழுதப்படுவதே நன்று.

பிரான்சு 2018 செப்டம்பர் 10-ஆம் நாளிட்ட சட்டத்தால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர்க்கும் இதைத் தனித் தகுதியாக வரையறுத்தது. வயது 18 முதல் 30 வரை. வேலை வாரத்திற்கு 25 மணிக்கு மிகாது.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கின் மூன்று பொருள்கள் புலனாகும். முதலாவது நேரம்: நாளின் எஞ்சிய மணிகள் அவளுடையவை. இரண்டாவது மொழி: கற்பது அவள் உரிமை. மூன்றாவது திரும்பும் வழி: ஓராண்டு அல்லது ஈராண்டில் முடியும் என்பது தொடக்கத்திலேயே இருவருக்கும் தெரியும். ஹாக்னி இல்லத்து ஆயாவுக்கு இம்மூன்றில் எது உறுதியாக இருந்தது?

வளர்ச்சி என்பது யாது?

ஆளுமை வளர்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இப்பணியால் அது எவ்வாறு நிகழ்கிறது என்று பகுத்துக் காண்போம்.

முதலில் மொழி. குழந்தையைப் போன்ற மொழியாசிரியர் இல்லை. பெரியவர்கள் நாம் தவறாகப் பேசினாலும் மரியாதைக்காகப் புரிந்ததுபோல் தலையாட்டுவர். குழந்தையோ சிரிக்கும், திருத்தும், அதே கதையைப் பத்து முறை சொல்லச் சொல்லும். பத்தாவது முறையில் வினைச்சொற்கள் நாவில் பழகிவிடும்.

அடுத்துத் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன். நம் வீட்டில் நோய் வந்தால் அம்மா உண்டு. பணம் குறைந்தால் அண்ணன் உண்டு. அயல்நாட்டில் மருந்துக் கடையில் பேசுவதும், மாதக் கடைசி வரை பணத்தை நிறுத்துவதும், இரயில் தவறினால் அடுத்த வழியைத் தேடுவதும் நம் பொறுப்பு.

மூன்றாவது நம் வீட்டை எட்டி நின்று காணும் பார்வை. பிறர் வீட்டில் தந்தை பாத்திரம் கழுவுவதைக் காணும் பெண்ணுக்கு, நம் வீட்டில் அது ஏன் நிகழவில்லை என்ற வினா எழும். முதியோர் தனித்து உண்ணும் மேசையைக் காணும்போது, நம் வீட்டுத் திண்ணையின் அருமையும் தெரியும்.

நான்காவதே மிக முக்கியம் என்று கருதுகிறேன். அது வீட்டு வேலையின் மதிப்பு. குழந்தை வளர்ப்பும் சமையலும் திறமை தேவைப்படும் தொழில்கள்; அவற்றிற்கு மணிக்கணக்கும் விலையும் உண்டு என்பதைச் சட்டத்தால் அறிகிற ஒருத்தி, தன் தாய் ஆயுள் முழுவதும் செய்துவரும் வேலையைப் பழைய கண்ணால் பார்க்க மாட்டாள்.

நம் குப்பத்துக் கணக்கு

மாசி மகத்தன்று பல ஊர்ச் சாமிகள் கடலாட வந்து கூடும் வைத்திக்குப்பம் நான் பிறந்த இடம். எங்கள் பகுதிப் பெண்களில் மீன் கூடை சுமப்போர் பலர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகளில் வேலைக்குச் செல்வோரும் உண்டு. அவ்வீடுகளில் குழந்தை தூக்கும் எங்கள் அக்காமார்களை ‘வேலைக்காரி’ என்பர். அதே வீட்டுப் பெண் பிரான்சு சென்று அங்கொரு குழந்தையைத் தூக்கினால் ‘அனுபவம் பெறப் போயிருக்கிறாள்’ என்பர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை ஒன்றேயாயினும் நிலைமை வேறானால் விளைவும் வேறாகும் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் படகும் வலையும் இழந்த எங்கள் குடும்பத்தில், என் அத்தை 2006-இல் தம் 33-ஆம் வயதில் வளைகுடா நாடொன்றிற்கு வீட்டுப்பணிக்குச் சென்றார். எட்டு வயது மகளை என் ஆயாவிடம் விட்டுச் சென்றார். 2011-இல் திரும்பினார். பாஸ்போர்ட் வீட்டுக்காரர் பெட்டியில் இருந்தது. முதல் 14 மாதம் ஒரு நாளும் விடுமுறை இல்லை. மாதம் ஒருமுறை மட்டுமே மகளின் குரலைக் கேட்டார்.

ஆயினும் அத்தை வளர்ந்துதான் திரும்பினார். அரபு மொழி சரளமாகப் பேசுகிறார். ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்தவர், மருந்துப் புட்டியின் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கிறார். எங்கள் குடும்பத்தில் தம் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கிய முதல் பெண் அவர்தாம். மேல்நிலைக் கல்வியோடு என்னை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது எதிர்த்து நின்றவரும் அவரே. “கடலைத் தாண்டுனதுல என்ன கத்துக்கிட்டீங்க அத்தை?” என்று ஒருநாள் கேட்டேன். “கடல் நமக்குப் புதுசா கண்ணு? அந்த வீட்டுச் சின்னப் புள்ளதான் எனக்குப் பேச்சு சொல்லிக் குடுத்துச்சு. மத்ததெல்லாம் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டது” என்றார்.

பட்டுத் தெரிந்துகொள்வதும் கல்விதான். ஆனால் அதற்குக் கட்டிய கட்டணம் எவ்வளவு! அந்த ஐந்தாண்டில் தாயின் மடி கிடைக்காத மகளும் அக்கட்டணத்தில் பங்கு செலுத்தினாள். ‘ஓ பேர்’ பெண் பெறும் அதே வளர்ச்சியை அத்தையும் பெற்றார். ஒருவருக்கு அது ஒப்பந்தத்தில் எழுதிக் கிடைத்தது. மற்றவர் அதைத் தம் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

முப்பது என்னும் எண்

இங்கு ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒப்பந்தப்படி 30 வயதுக்கு மேற்பட்டவர் ‘ஓ பேர்’ ஆக இயலாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்க்கு நம் நாட்டில் குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. அத்தகைய பெண்கள் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் செல்ல 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நம் அரசின் விதி. 30 என்ற ஒரே எண் அங்கே கதவை மூடுகிறது, இங்கே திறக்கிறது.

காரணம் எளிது. ஐரோப்பியர் இப்பணியை இளமையில் பெறும் கல்வியாகக் கருதினர். நம் அரசு இதை ஆபத்து நிறைந்த பிழைப்பாகக் கருதி, வயதைக் காவலாக வைத்தது. காவல் வேண்டியதுதான். ஆனால் வயது மட்டும் காவலாகுமா? நேரமும் மொழியும் திரும்பும் வழியும் உறுதியானால் அன்றோ உண்மையான காவல்!

உலகம் மெல்ல இத்திசையில் நகர்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 சூன் 16 அன்று வீட்டுப்பணியாளர்க்கென 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வார ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், தம் பாஸ்போர்ட்டைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவை அதில் உள்ளன. இந்தியா அதை இன்னும் உறுதி ஏற்கவில்லை. குவைத் நாடு 2015-இல் இயற்றிய சட்டம், வேலை நேரத்திற்கு நாளொன்றுக்கு 12 மணி என்ற எல்லையையும் வார விடுமுறையையும் விதித்தது. ஐந்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே உள்ள ஏழு மணி நேரத்தில்தான் ஒருத்தியின் படிப்பும் நட்பும் உறக்கமும் அடங்கியுள்ளன என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பெயர் மட்டும் போதாது

‘ஓ பேர்’ என்று பெயர் வைத்துவிட்டால் சமநிலை வந்துவிடாது. அப்பெயரில் சென்ற பெண்கள் குறைந்த பணத்திற்கு முழுநேரப் பணிப்பெண்களாக நடத்தப்பட்ட புகார்களால், பிலிப்பைன்சு அரசு 1998-இல் ஐரோப்பாவுக்கு அவர்களை அனுப்புவதை நிறுத்தியது. 2010 முதல் படிப்படியாகவே தடையை நீக்கியது. நார்வே நாடு இத்திட்டத்தையே 2024-இல் கைவிட்டது. குடும்பத்தில் ஒருத்தி என்ற இனிய சொல், ‘வீட்டுப் பிள்ளைக்கு மணிக்கணக்கு எதற்கு?’ என்று கேட்கவும் பயன்படும். அன்பு இருக்கட்டும், தாளில் எழுத்தும் இருக்கட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் காலடி வைத்தோர் பலர். நாளை நமக்கோ நம் உறவினர்க்கோ அயல்நாட்டு வாய்ப்பு வரும்போது, விண்ணப்பத்தையும் ஒப்பந்தத்தையும் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையதாகும். அப்போது கேட்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. வேலை நாளுக்கு எத்தனை மணி? ஓய்வு நாள் எது? எழுத்தில் உள்ளதா?

2. ஒப்பந்தம் எந்த மொழியில் உள்ளது? செல்பவருக்குப் புரியும் மொழியில் படி ஒன்று உண்டா?

3. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?

4. அந்நாட்டு மொழியைக் கற்க நேரமும் வகுப்பும் உண்டா?

5. திரும்பும் பயணச் செலவு யாருடையது? இடையில் விலக நேர்ந்தால் என்ன வழி?

6. அனுப்பும் முகவர் நடுவண் அரசிடம் பதிவு பெற்றவரா? இதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்து அறியலாம். சென்னையிலுள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

7. போகுமுன்பே மொழியின் அடிப்படையைக் கற்றாயிற்றா? பிரெஞ்சு கற்கப் புதுவையைப்போல் வாய்ப்புள்ள ஊர் நாட்டில் குறைவு. அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், மனிதர் எந்நிலையிலும் கற்கக் கூடியவர் என்பதும், அயல்நாடு தானாகவே எவரையும் வளர்ப்பதில்லை என்பதும் தெளிவாகின்றன. 54 முறை கடல் கடந்த அம்மையாரின் துணிவு எந்த ஒப்பந்தமும் தந்ததன்று. ஆயினும் துணிவுள்ளவர் மட்டுமே தப்பிப் பிழைக்கக் கூடிய ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று கூற இயலாது. நேரமும் மொழியும் திரும்பும் வழியும் உறுதிப்பட்டால், சாதாரணப் பெண்ணும் வளர்ந்து திரும்புவாள்.

இம்மூன்றும் கடலுக்கு அப்பால் மட்டும் வேண்டியவை அல்ல. நம் தெருவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மாலையில் அவள் பிள்ளையோடு அமர நேரம் வேண்டும். எழுதப் படிக்க விரும்பினால் வழி வேண்டும். பட்டம் பெற்று நாளை நாம் வீட்டுத் தலைவர் ஆகும்போது, நம் வீட்டில் வேலை செய்ய ஒருத்தி வரக்கூடும். அன்று அவளிடம் வேலை நேரத்தையும் ஓய்வு நாளையும் முதலில் பேசிவிட்டுப் பிறகு வேலையைச் சொல்வோமாக.